தபால் பையில் ஒரு மணி

எட்மன்டனில் என் தெருக்களை
எண்களால் நான் அறிந்ததில்லை.
கேட்டைத் தொட்டதும் குரைக்கும் வீடு,
தொடும் முன்பே குரைக்கும் வீடு,
குரைக்காமல் வந்து என் காலணியை மோந்துவிட்டு
ஏமாந்து திரும்பும் வீடு.

இதில் எதிலும் சேராதது
முனையிலிருந்த ஹோடன் வார்சாமேயின் வீடு.
அங்கே கடிதப்பெட்டி மேலேயே படுத்திருக்கும் ஒரு பூனை.
பெயர் ஷா. அவள் மொழியில் தேநீர்.
பால் கொஞ்சம் தூக்கலாக விட்ட நிறம்.
மின்கட்டண ரசீதை
அதன் வயிற்றுக்கு அடியில்தான் செருக வேண்டும்.
ஒரு கண்ணை மட்டும் திறந்து அனுமதி தரும்.

எதிர்வீட்டு ஒரெஸ்ட் ஹ்னாட்யுக்
சூரியகாந்தி விதை வாங்கியே ஓய்வூதியத்தைத் தீர்ப்பவர்.
மூச்சு மீசையில் உறையும் ஜனவரியிலும்
கருந்தொப்பிச் சிட்டுகள் அவர் தட்டுக்கு வரும்.
போன வருடம் ஒருநாள்
கடித உறை ஒன்றில் இறகுகளைப் போட்டு எடுத்துக்கொண்டு
தெருவைக் கடந்து வந்தார்.
கையெழுத்து வாங்க வேண்டிய பார்சலோடு
நான் படியில் நின்றிருந்தேன்,
போகவும் முடியாமல்,
கேட்காதது போல் இருக்கவும் முடியாமல்.
உக்ரேனிய வசை ஒன்று, சோமாலியில் ஒன்று,
நடுவில் மாட்டிய ஆங்கிலம்.
பிறகு அவளாகவே சொன்னாள்,
சரி, மணி கட்டுகிறேன்.

பூனைக்கு மணி கட்டுவது யார் என்று
உலகம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி
எங்கள் தெருவில் ஒரு சனிக்கிழமை மதியம் தீர்ந்தது.
அவர் தேன்கேக் கொண்டுவந்தார்.
அவள் சம்பூசா கொடுத்தனுப்பினாள்.
என் கையில்தான், அஞ்சல் தலை ஒட்டாமல்.

மணி வேலை செய்தது.
சிட்டுகளுக்கு இரண்டு நொடி கிடைத்தது.
அவற்றுக்கு அது போதும்.

மார்ச்சில் ஓடைப்பள்ளத்திலிருந்து
கொயோட்டிகள் மேலேறி வந்தன.
நாயும் இல்லை, நரியும் இல்லை.
ஆம்புலன்ஸ் சைரனுக்கு எசப்பாட்டுப் பாடுகிற ஜாதி.
யாரும் குடியில்லாத வீட்டின் கொட்டகைக்கு அடியில்
வயிறு தாழ்ந்த ஒன்று இடம்பிடித்தது.
நகராட்சி ஆள் டார்ச் அடித்துப் பார்த்தார்.
குட்டி போடட்டும், கிட்டே போகாதீர்கள் என்றார்.
அந்த வாரமே ஷாவைக் காணவில்லை.

பன்னிரண்டு மின்கம்பங்களில் படம்.
ஈரத்துக்கு பிளாஸ்டிக் உறை போட்டிருந்தாள்.
கீழே தொலைபேசி எண்.
அதற்கும் கீழே பேனாவால்:
கழுத்தில் மணி உண்டு.
சத்தம் மட்டும் கேட்டாலும் சொல்லுங்கள்.

பனி உருகியபோது நான்தான் கண்டேன்,
கரகானா வேலியோரம்,
போன இலையுதிர்காலத்துக் கையுறை ஒன்றின் பக்கத்தில்
நீலக் கழுத்துப்பட்டை.
பல் பதிந்த இடம் இரண்டு.
மணியில் ஒரு கீறல் இல்லை.
சிட்டுகளுக்குச் சொன்னதைத்தான் அது
இருட்டிலும் சொல்லியிருக்கும்,
கேட்பது யாரென்று பாராமல்.

நாவைச் சுற்றி டிஷ்யூ காகிதம் திணித்து
பையின் அடியில் வைத்தேன்.
ஐந்து நாள் சுமந்தேன்.
விளம்பரத்தாள்கள், வரிக் கடிதங்கள், இது.
'ஏதாவது தெரிந்ததா, மாரிவிக்?' என்று
தினமும் கேட்டார் ஒரெஸ்ட்.
விதைத்தட்டைக் கழற்றிக் கீழே வைத்திருந்தார்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
கொம்பில் நாலு சிட்டுகள்
வெறும் கொக்கியைப் பார்த்து அமர்ந்திருந்தன.
இரவில் கொட்டகைப் பக்கம்
புதிதாகச் சின்னக் குரல்கள் கேட்பதாகவும் சொன்னார்.
அதைச் சொல்லும்போது மட்டும்
அவர் குரலும் சின்னதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காகிதம் நழுவியிருக்க வேண்டும்.
ஹோடனின் மூன்றாம் படியில்
பை இடுப்பில் இடித்தது.
ஒரு தடவைதான், கரண்டி விழுவதைவிடச் சின்ன ஓசை.

உள்ளே நாற்காலி தரையில் உரசியது.
கதவு திறந்தது.
இரவுப் பேருந்து ஓட்டிவிட்டு வந்த சீருடையோடு அவள்.

என் முகத்தை அவள் பார்க்கவில்லை.
என் காலடியைப் பார்த்தாள்.
அதற்குக் கீழ்ப் படியை.
அதற்கும் கீழ்ப் படியை.